கோப்புப் பதிவேற்றம்: நோட் சர்வரில் எதை, எந்தக் கட்டத்தில், எப்படிச் சரிபார்ப்பது?

#1 தேக்கா நிரலர்

வணக்கம். ஒரு துணைப்பாட நிலையத்துக்கான சேவை. பெற்றோர் பிள்ளையின் தேர்வுத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து ஏற்றுவார்கள். ஆசிரியர்கள் பயிற்சித்தாள்களை பிடிஎஃப், வேர்டு கோப்புகளாக ஏற்றுவார்கள். பதிவுப் படிவத்தில் பெற்றோரின் அடையாள அட்டை நகலும் கேட்கப்படுகிறது.

முன்னால் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் சர்வர், பின்னால் நோட், எக்ஸ்பிரஸ், பதிவேற்றங்களைப் பிரித்தெடுக்கும் மல்ட்டர் நூலகம். கோப்புகள் போய்ச் சேருவது அமேசான் எஸ்3 மேகச் சேமிப்பு, சிங்கப்பூர் வட்டாரம். ஒரு கோப்புக்கு உச்சவரம்பு 10 எம்பி. இப்போதைக்கு மல்ட்டரின் ஃபைல்ஃபில்டரில் மைம் வகையை (கோப்பு எந்த வகை என்று சொல்லும் குறிப்பை) பார்ப்பது ஒன்றுதான் சரிபார்ப்பு. அது போதாது என்று தெரியும். எந்த வரிசையில் எதைச் சேர்க்க வேண்டும், எது வீண்வேலை என்று விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 பொங்கோல் பின்தளம்

ஃபைல்ஃபில்டருக்குக் கிடைப்பது கோப்பின் பெயரும் மைம் வகையும்தான். இரண்டையும் எழுதி அனுப்புவது எதிர்முனை. பிரௌசராக இருந்தால் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து மைம் வகையை நிரப்பும். கர்ல் கட்டளையாக இருந்தால் ஆள் என்ன தட்டச்சு செய்தாரோ அதுவே வரும். ஃபில்டர் ஓடும் நேரத்தில் கோப்பின் உள்ளடக்கத்தில் ஒரு பைட்கூட உங்கள் கைக்கு வந்திருக்காது. ஆகவே தெரியாமல் தவறான கோப்பைத் தேர்ந்தெடுத்தவரைச் சீக்கிரம் திருப்பி அனுப்ப மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளடக்கத்தைப் பார்க்கும் முதல் படி தொடக்க பைட்டுகள். பத்தடிமான எண்ணில் சொன்னால்: ஜேபெக் 255, 216, 255 என்று தொடங்கும். பிஎன்ஜி 137, 80, 78, 71, 13, 10, 26, 10. பிடிஎஃப் 37, 80, 68, 70, 45. ஜிப் 80, 75, 3, 4. இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள், நிற்கக் கூடாது. புதிய வேர்டு கோப்பு, எக்செல் கோப்பு, ஜாவா ஜார் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். தொடக்கம் ஒரே மாதிரி இருக்கும். அதைவிட முக்கியம், ஜிப்பைப் பிரிக்கும் நிரல்கள் கோப்பைக் கடைசியிலிருந்து படிக்கும், ஏனென்றால் அதன் உள்ளடக்கப் பட்டியல் வாலில் இருக்கிறது. பிடிஎஃப் படிப்பான்கள் பல முதல் 1024 பைட்டுக்குள் எங்கே தலைப்பு இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். இந்த இரண்டு தளர்வையும் சேர்த்தால் ஒரே கோப்பு ஒருவருக்கு பிடிஎஃப், இன்னொருவருக்கு ஜிப். தொடக்க பைட்டு பொருந்துகிறது என்றால் 'இந்த வகையாக இருக்கலாம்' என்றுதான் பொருள். உறுதி வேண்டுமானால் அந்த வகைக்குரிய நிரலைக் கொண்டு முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: மல்ட்டரில் மெமரி ஸ்டோரேஜ் (முழுக் கோப்பையும் நினைவகத்தில் வைக்கும் முறை) வைத்திருந்தால் மாற்றுங்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் 100 பேர் ஒரே நேரத்தில் 10 எம்பி ஏற்றினால் 1 ஜிபி நினைவகம் கோப்புக்கே போய்விடும்.

#3 பொங்கோல் பின்தளம்

அளவு வரம்பைத் தனியாக எழுதுகிறேன், அதில் நுணுக்கம் அதிகம்.

என்ஜின்எக்ஸில் கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ் தொடாமல் விட்டால் 1 எம்பிதான். அந்த எண் முழுக் கோரிக்கைக்கும் பொருந்தும்: கோப்பு, படிவத்தின் மற்ற புலங்கள், பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக் கோடுகள் எல்லாம் சேர்த்து. 10 எம்பி கோப்புக்கு அங்கே 11 எம்பி வையுங்கள். சரியான வரம்பை மல்ட்டரின் லிமிட்ஸில் வையுங்கள். என்ஜின்எக்ஸுக்கு 10 எம்பி என்றால் 1,04,85,760 பைட். முன்பக்க ஜாவாஸ்கிரிப்டில் யாராவது 1,00,00,000 என்று எழுதியிருந்தால் இடைப்பட்ட அளவுக் கோப்புகளுக்கு இரு பக்கமும் வெவ்வேறு பதில் சொல்லும். ஒரே எண்ணை ஒரே இடத்தில் வையுங்கள்.

வரம்பு மீறினால் என்ஜின்எக்ஸ் தானே 413 பிழை (கோரிக்கை மிகப் பெரிது) கொடுக்கும், கோரிக்கை நோடுக்கு வராது. ஏபிஐ வேறு டொமைனில் இருந்தால் அந்த 413 பதிலில் கார்ஸ் தலைப்பு (வேறு டொமைனின் பதிலைப் படிக்க அனுமதி தரும் தலைப்பு) இருக்காது. என்ஜின்எக்ஸிலேயே ஆட் ஹெடர் போட்டிருந்தாலும் 'ஆல்வேஸ்' சேர்க்காவிட்டால் பிழைப் பதில்களில் அது போகாது. பிரௌசர் கன்சோலில் 'கார்ஸ் பிழை' என்று வரும், ஆட்கள் கார்ஸ் அமைப்பைத் துருவிக்கொண்டிருப்பார்கள். காரணம் கோப்பின் அளவு.

கன்டென்ட்-லெங்த் தலைப்பை மட்டும் நம்பி அளவு பார்க்காதீர்கள். சங்க்டு முறையில் (துண்டு துண்டாக) அனுப்பினால் அந்தத் தலைப்பே இருக்காது. வருகிற பைட்டுகளை எண்ணிக்கொண்டே போய், வரம்பைத் தாண்டியதும் ஸ்ட்ரீமை நிறுத்தி, பாதி எழுதிய தற்காலிகக் கோப்பை அழிக்க வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கை, புலங்களின் எண்ணிக்கை, மொத்தப் பகுதிகளின் எண்ணிக்கை மூன்றுக்கும் வரம்பு போடுங்கள். அப்பாச்சி காமன்ஸ் ஃபைல்அப்லோடில் 2023இல் வெளியான சிவிஇ-2023-24998 என்ற பாதுகாப்பு ஓட்டை இந்த ஒரே காரணத்தால் வந்தது: ஒரு கோரிக்கையில் எத்தனை பகுதி வரலாம் என்ற கணக்கே இல்லை.

#4 ஜூரோங் ஜாவா

ஸ்பிரிங் பூட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து: அங்கே இயல்பு வரம்பு கோப்புக்கு 1 எம்பி, கோரிக்கைக்கு 10 எம்பி. உள்ளே டாம்கேட் இருந்தால் மேக்ஸ் ஸ்வாலோ சைஸ் என்று ஒன்று உண்டு, இயல்பு 2 எம்பி. வரம்பு மீறிய கோரிக்கையின் மிச்சத்தை டாம்கேட் அவ்வளவு வரைக்கும்தான் விழுங்கும், பிறகு இணைப்பைத் துண்டித்துவிடும். நாம் அழகாக எழுதிய பிழைச் செய்தி போய்ச் சேராது. பயனருக்கு 'இணைப்பு அறுந்தது' என்று மட்டும் தெரியும். சிறிய கோப்பில் பிழைச் செய்தி வருகிறது, பெரிய கோப்பில் வரவில்லை என்று யாராவது புகார் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொரு பிடி: டாம்கேட் தற்காலிகக் கோப்பறையை டெம்ப் கோப்பகத்தில் உருவாக்கும். சில லினக்ஸ் அமைப்புகளில் சிஸ்டம்டி 10 நாள் தொடப்படாத டெம்ப் கோப்புகளைத் துடைத்துவிடும். பதிவேற்றம் அதிகம் நடக்காத சேவையில் கோப்பறையே காணாமல் போய், அடுத்த பதிவேற்றம் 500 கொடுக்கும். மறுதொடக்கம் செய்தால் சரியாகும், சில நாள் கழித்து மறுபடி வரும். மல்டிபார்ட் லொகேஷனை உங்கள் சொந்தக் கோப்பகத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

கோ மொழிக்காரர்கள் கவனிக்க: பார்ஸ் மல்டிபார்ட் ஃபார்முக்குக் கொடுக்கும் எண் வரம்பு அல்ல. அதற்கு மேற்பட்டது வட்டுக்குப் போகும், அவ்வளவுதான். வரம்புக்கு மேக்ஸ் பைட்ஸ் ரீடர்.

#5 ஈசூன் காவல்

எல்லாரும் பைட்டுக்குப் போயிட்டீங்க. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அடையாள அட்டை நகலை ஏன் வாங்குறீங்க?

2019 செப்டம்பர் 1லிருந்து சிங்கப்பூர் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டி தெளிவா இருக்கு. சட்டம் கேட்டாலோ, ஆளோட அடையாளத்தை மிகத் துல்லியமா உறுதிப்படுத்த வேண்டிய தேவை இருந்தாலோ மட்டும்தான் அட்டை எண்ணையோ நகலையோ வாங்கலாம். துணைப்பாட வகுப்புல பிள்ளையைச் சேர்க்கறதுக்கு அந்தத் தேவை வராது. படிவத்துலேருந்து அந்தப் புலத்தையே எடுங்க. ஏற்கெனவே சேர்ந்து கிடக்கிற நகல்களையும் முறையா அழிங்க, பேக்கப்ல இருக்கறதையும் சேர்த்து.

இது சும்மா சட்டப் பேச்சு இல்லை. 500 பேர் அல்லது அதுக்கு மேல பாதிக்கிற கசிவுன்னா, அறிவிக்க வேண்டிய கசிவுதான்னு மதிப்பிட்ட பிறகு 3 நாட்காட்டி நாளுக்குள்ள ஆணையத்துக்குச் சொல்லணும். உங்க பக்கெட்ல (எஸ்3 கோப்பறையில) என்ன கிடக்குதோ அதுதான் கசியும். இல்லாத கோப்பு கசியாது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன். பொங்கோல் தம்பி பெயரை நம்பாதீங்கன்னு சொன்னது சரி. ஆனா எக்ஸ்டென்ஷன் சரிபார்ப்பை விட்டுடாதீங்க. விண்டோஸ் எந்த நிரல்ல கோப்பைத் திறக்கறதுன்னு முடிவு பண்றது எக்ஸ்டென்ஷனை வெச்சுத்தான். அனுமதிப் பட்டியல் போடுங்க, தடைப் பட்டியல் வேண்டாம். கடைசிப் புள்ளிக்குப் பின்னாடி இருக்கறதைச் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுங்க. அப்புறம் எக்ஸ்டென்ஷன், தொடக்க பைட், முழுசாப் படிச்சுப் பார்த்த முடிவு மூணும் ஒரே வகையைச் சொல்லணும். ஒண்ணு மாறினாலும் 415 பிழை (இந்த வகை ஏற்கப்படாது).

#6 தேக்கா நிரலர்

அடையாள அட்டைப் புலத்தை எடுக்கச் சொல்லி நிலையத்துக்கு இன்றே எழுதுகிறேன், அக்கா.

படங்களில் ஒரு சந்தேகம். பெற்றோர் பலர் ஐபோன். அதன் படவடிவமான ஹைக் கோப்புகள் வருகின்றன. படங்களைக் கையாளும் ஷார்ப் நூலகம் அவற்றைத் திறக்க மறுக்கிறது. படத்தை மறுபடி என்கோட் செய்வது கட்டாயமா, அல்லது திறந்து பார்த்துவிட்டு மூலத்தையே வைத்துக்கொள்ளலாமா?

#7 பொங்கோல் பின்தளம்

மறு என்கோட் செய்யுங்கள். பதிவேற்றப் பாதுகாப்பில் விலைக்கு அதிகப் பலன் தருவது அதுதான். பிக்சல்களை மட்டும் எடுத்துப் புதிய ஜேபெக் எழுதும்போது, வாலில் ஒட்டிய ஜிப், கமென்ட் பகுதியில் ஒளித்த ஸ்கிரிப்ட், வீட்டு முகவரியைக் காட்டிக்கொடுக்கும் ஜிபிஎஸ் குறிப்பு எல்லாம் உதிர்ந்துவிடும். ஷார்ப் மெட்டாடேட்டாவை இயல்பாகவே விட்டுவிடும். ஆனால் படத்தின் நிமிர்வும் அந்த மெட்டாடேட்டாவில்தான் இருக்கிறது. முதலில் ரொட்டேட்டை எந்த எண்ணும் கொடுக்காமல் அழைத்து நிமிர்த்திவிட்டுப் பிறகு எழுதுங்கள். இல்லாவிட்டால் தேர்வுத்தாள்கள் படுத்துக்கொண்டு வரும். எழுத்து வாசிக்க வேண்டிய தாள்கள் என்பதால் தரம் 85க்குக் கீழே போக வேண்டாம்.

விரிக்கும் முன் பரிமாணத்தைப் பாருங்கள். கணக்கு இது: 20,000 × 20,000 பிக்சல், ஒரு பிக்சலுக்கு 1 பிட், முழுக்க ஒரே நிறம் கொண்ட பிஎன்ஜி. மூல அளவு 50 எம்பி. டிஃப்ளேட் சுருக்கம் அதிகபட்சம் ஏறத்தாழ 1032க்கு 1 வரை போகும், ஆகவே கோப்பு ஏறக்குறைய 50 கேபிதான். உங்கள் 10 எம்பி வரம்புக்கு அது தூசு. அதையே பிக்சலுக்கு 4 பைட்டாக விரித்தால் 1.6 ஜிபி. பிஎன்ஜியில் அகலமும் உயரமும் தலைப்பிலேயே, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 16ஆம் பைட்டிலிருந்து தலா 4 பைட்டாக இருக்கின்றன. முழுப் படத்தைத் தொடாமலே படிக்கலாம்.

ஷார்ப்பின் இயல்பு வரம்பு 26,84,02,689 பிக்சல், அதாவது 16,383இன் வர்க்கம். உங்களுக்கு அது மிக அதிகம். 5 கோடி பிக்சல் போதும். 12 மெகாபிக்சல் படம், 4032 × 3024, தாராளமாக உள்ளே வரும்; 48 மெகாபிக்சலும் வரும். 200 மெகாபிக்சல் கைப்பேசிப் படம் வராது, அதை முன்பக்கத்திலேயே சிறிதாக்கி அனுப்பச் செய்யுங்கள். பைத்தானில் பில்லோ வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் வரம்பு 8,94,78,485 பிக்சல், ஆனால் அதைத் தாண்டினால் வெறும் எச்சரிக்கைதான். இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் பிழை. எச்சரிக்கையையும் பிழையாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஹைக் பற்றி: ஷார்ப்போடு வரும் ஆயத்த பைனரியில் ஹெச்இவிசி டிகோடர் இல்லை, காப்புரிமை காரணமாக. ஹைக் படங்களைத் திறக்க அது தேவை. ஒன்று, லிப்ஹைஃப் சேர்த்து, ஷார்ப்புக்கு அடியில் இருக்கும் லிப்விப்ஸை நீங்களே கட்ட வேண்டும். இல்லையென்றால் கோப்புப் புலத்தின் அக்செப்ட் பண்பில் ஜேபெக், பிஎன்ஜி மட்டும் வையுங்கள். புகைப்படத் தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது ஐபோன் பெரும்பாலும் ஜேபெக்காக மாற்றித் தரும். ஃபைல்ஸ் செயலி வழியாக வருவது ஹைக்காகவே வரலாம் என்பதால் சர்வரில் அதை அடையாளம் கண்டு, 'ஜேபெக்காகச் சேமித்து ஏற்றுங்கள்' என்று தெளிவான தமிழ்ச் செய்தி கொடுங்கள். நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். ஒரு டிகோடர் கூடினால் தாக்குதல் பரப்பும் கூடும்.

#8 ஈசூன் காவல்

அதோட சேர்த்து: டிகோட் பண்ற வேலையை ஏபிஐ ஓடுற அதே பிராசஸ்ல வெக்காதீங்க. 2023 செப்டம்பர்ல லிப்வெப்பில வந்த சிவிஇ-2023-4863 ஞாபகம் இருக்கா? படத்தைத் திறந்தாலே நினைவகம் எல்லை தாண்டி எழுதப்படும். 2016ல இமேஜ்மேஜிக்ல வந்தது இன்னும் மோசம், படக் கோப்புக்குள்ள ஷெல் கட்டளை. நீங்க எழுதற சரிபார்ப்பு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் டிகோடர் சி மொழிக் குறியீடுதான்.

தனி கன்டெய்னர், வெளி இணைப்பு கிடையாது, எஸ்3ல தேவையான பக்கெட்டுக்கு மட்டும் அனுமதி, நினைவகம் 512 எம்பி, ஒரு கோப்புக்கு 20 விநாடி. நேரம் தாண்டினா பிராசஸைக் கொல்லுங்க, கோப்பை நிராகரிங்க. மறுமுயற்சி ஒரே ஒரு தடவை. எல்லையில்லாம மறுமுயற்சி வெச்சீங்கன்னா ஒரே கெட்ட கோப்பு வரிசை முழுசையும் பிடிச்சு வெச்சுக்கும்.

#9 தோ பாயோ எழுத்து

ஆசிரியர்கள் ஏற்றும் கோப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் இருக்குமே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கே மூன்று சிக்கல் உண்டு.

முதலாவது, மல்ட்டர் 1.4.5 எல்டிஎஸ் வரிசைக்கு அடியில் இருக்கும் பஸ்பாய் 1.0, கோப்புப் பெயரை இயல்பாக லத்தீன்-1 என்று படிக்கும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் 3 பைட். 224 என்று தொடங்கி அடுத்தது 174 அல்லது 175. அதை லத்தீன்-1ஆகப் படித்தால் மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வரும். தரவுத்தளத்தில் அப்படி ஒரு வரிசையைக் கண்டால் காரணம் இதுதான். பெயரை லத்தீன்-1 பஃபராக எடுத்து யுடிஎஃப்-8ஆகத் திருப்பிப் படித்தால் தமிழ் திரும்பக் கிடைக்கும். சேமிக்கும் முன் ஒரே ஒரு முறை செய்யுங்கள். இரண்டு முறை செய்தால் நிரந்தரமாகக் கெடும்.

இரண்டாவது, ஒரே தோற்றம், வேறு பைட்டுகள். 'தொடக்கநிலை' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீட்டுப் புள்ளியாகவும் (ஒரே யூனிகோட் எண்ணாகவும்) எழுதலாம். இடப்பக்கக் கொம்பு, வலப்பக்கக் கால் என்று இரண்டு புள்ளியாகவும் எழுதலாம். முதல் முறையில் சொல் 10 புள்ளி, 30 பைட். இரண்டாவதில் 11 புள்ளி, 33 பைட். திரையில் வேறுபாடே தெரியாது. பழைய மேக் கோப்பமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமிக்கும். அங்கிருந்து வரும் 'தொடக்கநிலை 5 பயிற்சித்தாள்' உங்கள் தேடலில் சிக்காது, 'இதே பெயரில் கோப்பு உள்ளது' என்ற சோதனையையும் தாண்டிப்போகும். ஒகரம், ஓகாரம், ஔகாரக் குறிகளுக்கும் ஔ என்ற தனியெழுத்துக்கும் இது பொருந்தும். பெயரைப் பெற்றவுடன் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே புள்ளியாகச் சேர்த்த வடிவம்) மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது நீளம். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4இல் பெயருக்கு 255 பைட். ஆங்கிலத்துக்கு 255 எழுத்து. தமிழுக்கு 85 புள்ளிதான், மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிப் புள்ளியாக எண்ணப்படுவதால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து இன்னும் குறைவு. நீளத்தை வெட்டும்போது பைட்டில் வெட்டாதீர்கள். எழுத்தின் நடுவில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வரும்.

#10 பொங்கோல் பின்தளம்

இதற்கெல்லாம் ஒரே வேரடித் தீர்வு: பயனர் கொடுத்த பெயர் வட்டுக்கோ எஸ்3 சாவிக்கோ போகவே கூடாது. சாவி (எஸ்3இல் கோப்பின் பெயர்), சர்வர் உருவாக்கும் யுயுஐடி, அதாவது தனித்த அடையாள எண். பெயர் தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசை, திரையில் காட்ட மட்டும். இரட்டைப் புள்ளி-சாய்கோடு வைத்து மேல் கோப்பகத்துக்கு ஏறும் வழியும் அதோடு அடைபடும். ஸ்ட்ரட்ஸின் சிவிஇ-2023-50164 அப்படிப்பட்ட வழிதான். எஸ்3 நிகழ்வுச் செய்தியில் சாவி யூஆர்எல் என்கோட் ஆகி வரும், இடைவெளி கூட்டல் குறியாகும். சாவி யுயுஐடியாக இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை.

தோ பாயோ சொன்ன என்எஃப்சி மாற்றம் காட்டும் பெயருக்குக் கட்டாயம் வேண்டும். அதோடு கட்டுப்பாட்டு எழுத்துகளையும், வலமிருந்து இடமாகத் திருப்பும் மறைவெழுத்துகளையும் நீக்கிவிடுங்கள்.

#11 தேக்கா நிரலர்

கோப்பு நோட் வழியாகவே வராமல் ப்ரீசைன்டு யூஆர்எல் (முன்கூட்டியே கையொப்பமிட்ட, சிறிது நேரம் மட்டும் செல்லும் முகவரி) கொடுத்து நேராக எஸ்3க்கு ஏற்றச் சொன்னால் இதில் பாதி வேலை குறையும் அல்லவா? எம்ஆர்டியில் போகும்போது ஏற்றுபவர்களுக்கு இணைப்பு அறுந்தால் பகுதி பகுதியாகத் தொடரும் வசதி வேண்டுமா?

#12 பொங்கோல் பின்தளம்

10 எம்பிக்குத் தொடர் வசதி வேண்டாம். முழுவதையும் மறுபடி அனுப்பட்டும்; ஒவ்வொரு முயற்சிக்கும் அதே அடையாள எண்ணை முன்பக்கம் அனுப்பினால் இரட்டைப் பதிவு வராது. காணொளி வந்தால், அறுந்த இடத்திலிருந்து தொடரும் டஸ் நெறிமுறையைப் பாருங்கள்.

நேராக எஸ்3க்கு அனுப்புவதில் சர்வரின் சுமை குறையும், சரிபார்ப்பு குறையாது; இடம் மாறும். புட் வகை யூஆர்எல்லில் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று அளவு வீச்சைக் கட்ட முடியாது. போஸ்ட் வகையில் கொள்கை ஆவணம் உண்டு. அதில் கன்டென்ட்-லெங்த்-ரேஞ்ச் 1 முதல் 1,04,85,760 வரை, சாவி துல்லியமாக நீங்கள் கொடுத்த யுயுஐடி, காலாவதி 5 நிமிடம். படிவத்தில் கோப்புப் புலம் கடைசியாக இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் வரும் புலங்களை எஸ்3 கண்டுகொள்ளாது.

எப்படியும் இரண்டு பக்கெட் வையுங்கள். ஒன்று வரவுப் பக்கெட். யாரும் அதிலிருந்து படிக்க முடியாது, சரிபார்க்கும் வேலையாள் (பின்னணி நிரல்) தவிர. மற்றது தூய பக்கெட்; அங்கே எழுதுவதும் அந்த வேலையாள் மட்டுமே. வரவுப் பக்கெட்டில் 1 நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதி. பாதியில் விட்ட பதிவேற்றங்களும் படிவத்தோடு சேராத அநாதைக் கோப்புகளும் அதோடு போய்விடும்.

#13 ஈசூன் காவல்

இந்த ரெண்டு பக்கெட் அமைப்புல ஒரு ஓட்டை இருக்கு, நிறையப் பேர் கவனிக்கறதில்லை.

ப்ரீசைன்டு யூஆர்எல் ஒருமுறைப் பயன்பாடு இல்லை. காலாவதி ஆகற வரைக்கும் எத்தனை முறை வேணும்னாலும் அதே சாவிக்கு எழுதலாம். இப்ப வரிசையைப் பாருங்க: முதல்ல நல்ல பிடிஎஃப் ஏறுது. வேலையாள் அதை எடுத்து ஸ்கேன் பண்ணி 'சுத்தம்'னு முடிவு பண்ணுது. அதுக்கும் தூய பக்கெட்டுக்கு நகலெடுக்கறதுக்கும் நடுவுல அதே யூஆர்எல்ல கெட்ட கோப்பு ஏறுது. நகலெடுக்கும்போது போறது கெட்டது. ஸ்கேன் பண்ணினது ஒண்ணு, சேமிச்சது வேற.

அடைக்க வழி மூணு. வரவுப் பக்கெட்ல வெர்ஷனிங் போட்டு, நிகழ்வுச் செய்தியில வர்ற வெர்ஷன் எண்ணையே ஸ்கேனுக்கும் நகலுக்கும் பயன்படுத்தலாம். இல்லேன்னா ஒரே முறை இறக்கி, ஸ்கேன் பண்ணின அதே பைட்டுகளையே தூய பக்கெட்டுக்கு எழுதலாம். படங்களை மறு என்கோட் பண்றவங்களுக்கு இது தானாவே நடந்துடும். மூணாவது, 2024 ஆகஸ்ட்லேருந்து எஸ்3ல இஃப்-நன்-மேட்ச் நிபந்தனை எழுத்து இருக்கு: சாவியில ஏற்கெனவே கோப்பு இருந்தா 412 பிழை. புட் யூஆர்எல்ல அந்தத் தலைப்பைக் கையொப்பத்துக்குள்ள சேர்த்தா ரெண்டாவது எழுத்து விழாது. நான் முதல் வழியை எப்பவும் போடச் சொல்லுவேன், மத்தது கூடுதல்.

எஸ்3 நிகழ்வு ஒரே கோப்புக்கு ரெண்டு தடவையும் வரலாம். தரவுத்தளத்துல நிலை மாற்றத்தை 'காத்திருப்பு'லேருந்து 'பரிசோதனை'க்கு நிபந்தனையோட மாத்துங்க. மாத்த முடிஞ்ச வேலையாள்தான் தொடரணும்.

#14 ஜூரோங் ஜாவா

வைரஸ் ஸ்கேனுக்கு கிளாம்ஏவி போதுமா? பயனர் காத்திருக்கும்போதே ஸ்கேன் செய்து பதில் சொல்வதே எளிது என்று நினைக்கிறேன். 10 எம்பிக்கு எதற்கு வரிசை?

#15 ஈசூன் காவல்

சாதாரண நாள்ல சரியா ஓடும். கிளாம்ஏவியோட பின்னணிச் சேவையான கிளாம்டி, வைரஸ் கையொப்பத் தொகுப்பை ஏத்தவே 1 ஜிபிக்கு மேல நினைவகம் எடுக்கும். புதுத் தொகுப்பு வரும்போது பழையதை வெச்சுக்கிட்டே புதுசையும் ஏத்தும், அந்த நேரத்துக்கு ரெண்டு மடங்கு. 2 ஜிபி கன்டெய்னர்ல வெச்சீங்கன்னா அப்பத்தான் கொல்லப்படும், காரணம் புரியாம. 4 ஜிபி கொடுங்க. கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோடை நிறுத்தினா நினைவகம் மிச்சம், ஆனா ஏத்தி முடியற வரைக்கும் ஸ்கேன் நிக்கும். ஒத்திசைவா வெச்சிருந்தா பயனரும் நிப்பார். அதனாலதான் வரிசை.

இதைவிடப் பெரிய விஷயம்: கிளாம்ஏவி தன் அளவு வரம்பைத் தாண்டின கோப்பை ஸ்கேன் பண்ணாம விட்டுட்டு 'சரி'ன்னு சொல்லிடும். ஜிப்புக்குள்ள விரியற மொத்த அளவுக்கும் அதே கதை. அலர்ட் எக்சீட்ஸ் மேக்ஸை இயக்கினாத்தான் எச்சரிக்கும். ஸ்ட்ரீம் வரம்பைத் தாண்டினா வேற மாதிரி: பிழைச் செய்தி வரும். 'கிடைத்தது'ங்கற சொல்லை மட்டும் தேடற நூலகம் அதைச் சுத்தம்னு எடுத்துக்கும். உங்க குறியீட்டுல 'சரி'ன்னு அப்படியே வந்தா மட்டும் சுத்தம். பிழை, நேரம் தாண்டல், இணைப்பு இல்லை எல்லாமே நிராகரிப்பு இல்லேன்னா காத்திருப்பு.

கடவுச்சொல் போட்ட பிடிஎஃப், ஜிப் ரெண்டையும் எந்த ஸ்கேனராலயும் உள்ள பார்க்க முடியாது. ஏத்தும்போதே மறுத்துடுங்க, காரணத்தைச் சொல்லி.

சர்வரைப் பராமரிக்க ஆள் இல்லேன்னா அமேசானோட கார்ட்டியூட்டி இருக்கு, 2024 ஜூன்லேருந்து எஸ்3 கோப்புகளையும் ஸ்கேன் பண்ணுது, முடிவை டேகா ஒட்டும். டேக் இல்லாத கோப்பைப் படிக்க விடாதபடி பக்கெட் கொள்கை எழுதணும். அதை எழுதாம டேக் மட்டும் ஒட்டிப் பயனில்லை.

#16 பொங்கோல் பின்தளம்

வேர்டு, பிடிஎஃப் இரண்டையும் மறு என்கோட் செய்ய முடியாது என்பதால் அவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

வேர்டு கோப்பை ஜிப்பாகத் திறந்து, உள்ளடக்க வகைகளைப் பட்டியலிடும் எக்ஸ்எம்எல்லும் முதன்மை ஆவணமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே கோப்புகள் 1000க்கு மேல் இருந்தாலோ, விரிந்த மொத்தம் 100 எம்பியைத் தாண்டினாலோ மறுங்கள். இந்த இரண்டு எண்ணும் பயிற்சித்தாளுக்குத் தாராளம். விரிந்த அளவை ஜிப் தலைப்பிலிருந்து எடுக்காதீர்கள், அதில் எதையும் எழுதலாம். விரிக்கும்போது வெளிவரும் பைட்டுகளை எண்ணுங்கள். விபிஏ திட்டக் கோப்பு உள்ளே இருந்தால் எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் அது மேக்ரோ ஆவணம். உறவுக் கோப்புகளில் வெளி முகவரியிலுள்ள டெம்ப்ளேட்டைச் சுட்டும் வரி இருந்தாலும் மறுங்கள்; ஆவணத்தில் மேக்ரோவே இல்லாமல் திறக்கும்போது வெளியிலிருந்து இழுத்துவரும் வழி அது. எக்ஸ்எம்எல் படிக்கும் நூலகத்தில் வெளி என்டிட்டிகளை அணைத்திருக்க வேண்டும்.

பிடிஎஃபுக்கு கியூபிடிஎஃப் கருவியின் சரிபார்ப்பு முறை. வெளியேறு குறியீடு 0 என்றால் சரி, 2 என்றால் பிழை, 3 என்றால் எச்சரிக்கை. 3ஐ ஏற்கலாம், ஸ்கேனர் இயந்திரங்கள் உருவாக்கும் உண்மையான கோப்புகள் பலவும் 3தான் தரும். ஜாவாஸ்கிரிப்ட், லான்ச் செயல்களைத் தேடும்போது மூலக் கோப்பில் நேராகச் சொல் தேடினால் அகப்படாது, சுருக்கப்பட்ட ஆப்ஜெக்ட் ஸ்ட்ரீமுக்குள் இருக்கும். கியூபிடிஎஃபைக் கொண்டு விரித்த வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள்.

எஸ்விஜி கேட்டால் மறுத்துவிடுங்கள். அது படம் போலத் தோன்றும் எக்ஸ்எம்எல், உள்ளே ஸ்கிரிப்ட் ஓடும். துணைப்பாட நிலையத்துக்கு அது தேவையே இல்லை.

#17 தோ பாயோ எழுத்து

திருப்பிக் கொடுக்கும்போது: கோப்புகள் உங்கள் முதன்மை டொமைனில் வரக் கூடாது, அங்கேதான் குக்கி இருக்கிறது. தனி டொமைன் வையுங்கள். கன்டென்ட்-டைப் நீங்கள் கண்டறிந்த வகை, பயனர் சொன்னது அல்ல. எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸ் நோஸ்னிஃப். கன்டென்ட்-டிஸ்பொசிஷன் அட்டாச்மென்ட். தமிழ்ப் பெயரை ஃபைல்நேம் என்ற சாதாரண அளபுருவில் போட்டால் பிரௌசருக்குப் பிரௌசர் வேறு மாதிரி வரும். நட்சத்திரக் குறியோடு கூடிய ஃபைல்நேமில் யுடிஎஃப்-8, சதவீத என்கோடிங்கில் கொடுங்கள். ஒரு தமிழ்ப் புள்ளி 9 எழுத்தாக வீங்கும். நீளமான பெயர்கள் தலைப்பு வரம்பில் இடிக்கக்கூடும், அதனால் பெயரை 80 புள்ளிக்குள் நிறுத்துவது நல்லது.

#18 தேக்கா நிரலர்

மிக்க நன்றி. வரவு, தூய பக்கெட் பிரிப்பிலிருந்து தொடங்குகிறேன். இவை உண்மையில் வேலை செய்கின்றனவா என்று சிஐயில் (தானியங்கிச் சோதனை அமைப்பில்) சோதிக்க என்னென்ன மாதிரிக் கோப்புகள் வைத்துக்கொள்ளலாம்?

#19 ஈசூன் காவல்

ஐகார் சோதனைக் கோப்பு, 68 பைட், தீங்கில்லாதது. எல்லா ஸ்கேனரும் பிடிக்கும். அதையே ஜிப்புக்குள்ள வெச்சு ஒண்ணு, கடவுச்சொல் போட்ட ஜிப்புல வெச்சு ஒண்ணு. 0 பைட் கோப்பு. சரியா 1,04,85,760 பைட் உள்ளது ஒண்ணு, அதுக்கு 1 பைட் கூடினது ஒண்ணு. எக்ஸ்டென்ஷன் மாத்தின எஸ்விஜி. பொங்கோல் தம்பி சொன்ன 20,000 × 20,000 பிஎன்ஜி. பாதியில அறுந்த ஜேபெக். தொடக்க பைட் சரியா இருக்கும், டிகோடர்தான் பிடிக்கணும். வாலில ஜிப் ஒட்டின பிடிஎஃப். மேக்ரோ வெச்ச ஆவணத்தை டாக்எக்ஸ்னு பெயர் மாத்தினது. 'தொடக்கநிலை 5 பயிற்சித்தாள்' ரெண்டு வடிவத்துலயும். கிளாம்டியை நிறுத்திவெச்சுட்டு நல்ல கோப்பு ஒண்ணை ஏத்திப் பாருங்க. அது 'காத்திருப்பு'ல நிக்கணும், தூய பக்கெட்டுக்குப் போனா சோதனை தோல்வி. அப்புறம் பதிவேத்தின அதே யூஆர்எல்ல ரெண்டாவது கோப்பை எழுதற சோதனை, வேலையாளைச் சில விநாடி வேணும்னே தாமதப்படுத்திவெச்சு.

எல்லாச் சோதனைக்கும் பிறகு டெம்ப் கோப்பகத்துல எத்தனை கோப்பு மிச்சம்னு எண்ணிப் பாருங்க. 0 வரணும்.